தகுதியில்லாத தாயும் இரவல் மேசையும்

எங்கள் உத்தியோகத்தில் இருக்கிற ஒருவர் கதவைத் தட்டினால் எந்த வீட்டிலும் முதலில் நடப்பது ஒன்றுதான்: அவசர அவசரமாகப் பிள்ளைக்கு முகம் கழுவிவிடுவார்கள். நன்னடத்தை அதிகாரி என்பது அரசாங்கம் எனக்கு வைத்த பெயர். கொட்டாஞ்சேனையில் நான் "ப்ரொபேஷன் மிஸ்". வெள்ளவத்தையில் "கோர்ட்டால வந்திருக்கிறா". தாயும் தகப்பனும் பிரிந்து பிள்ளைக்காக வழக்காடும்போது, எந்த வீட்டில் பிள்ளை நன்றாக இருக்கும் என்று பார்த்து எழுத நீதிமன்றம் எங்களைத்தான் அனுப்பும். லிஃப்ட் வேலை செய்யாத தொடர்மாடியில் மூச்சு வாங்க ஏறி, மேலே போனதும் "அவை வீடு மாறிப் போயிட்டினமே" என்ற பதிலைக் கேட்டு இறங்கிய சக உத்தியோகத்தர்களே, தபால்காரர்களே, காஸ் சிலிண்டர் சுமக்கிறவர்களே, இது உங்களுக்குத்தான்.

தலை நரைக்குமட்டும் இந்த வேலை பார்த்துவிட்டேன். பெருமையாகச் சொல்ல ஒரு வழக்கு இருக்கிறது, சொல்லாமல் விடமாட்டேன். கவி என்ற எட்டு வயதுப் பிள்ளை தாயோடு இருப்பதா, தாயிடமிருந்து எடுக்கப்படுவதா என்பதுதான் வழக்கு. தாய் தகுதியில்லாதவள் என்று நான் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று ஒரு பக்கம் ஒற்றைக்காலில் நின்றது.

சொதி தெரியாத பிள்ளை

முதலில் போனது தகப்பன் வீட்டுக்கு. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஃபிளாட். தகப்பன் பெயர் சுதாகரன். வழக்கு அவருடைய பெயரில்தான் போடப்பட்டிருந்தது. ஆனால் கதைத்ததெல்லாம் அவருடைய அக்கா புவனேஸ்வரி. வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். தாய் தகப்பன் இல்லாமல் போனபிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர், அதற்காகவே கலியாணமும் கட்டாமல் இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் அக்காவுக்கு ஒப்பரேஷன் என்று கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த தம்பி, அப்படியே இங்கேயே தங்கிவிட்டார். மனைவி செல்வராணி மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். காதல் கலியாணம். "அந்த ஆக்கள்" என்று புவனேஸ்வரி சொன்ன விதத்திலேயே பாதி வழக்கு எனக்கு விளங்கிவிட்டது.

பிள்ளைக்கென்று ஒரு அறையைத் தயார் பண்ணியிருந்தார். ஏசி, கட்டில், படிக்கிற மேசை, அதன்மேல் பூகோள உருண்டை. புதுத் திரைச்சீலையில் கடைச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. உளுந்து வடை சுட்டுத் தட்டில் அடுக்கி வைத்திருந்தார். வழக்குள்ள வீட்டில் நாங்கள் பச்சைத்தண்ணிக்கு மேல் எதுவும் தொடுவதில்லை என்பதால் வாசத்தோடு திருப்திப்பட்டேன். தாயின் குற்றங்களை அக்கா அடுக்கிக்கொண்டே போனார். ஒரே ஒரு அறை. பொதுக் குழாய். படிக்க மேசை கிடையாது. தாய் புறக்கோட்டையில் புடவைக்கடையில் நின்றுவிட்டு, கடை பூட்டித்தான் வருவாள். அதுவரை பிள்ளை அயலட்டை வீடுகளில் சாப்பிடுகிறது. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்ணை "லொக்கு அம்மா", அதாவது பெரியம்மா என்று கூப்பிடுகிறது.

சோபாவின் நுனியில், தன் வீட்டிலேயே விருந்தாளி போல இருந்த சுதாகரனைப் பார்த்துக் கேட்டேன்: "உங்கட மனுசி பிள்ளைய அடிக்கிறவவோ?" இல்லை என்றார். "பட்டினி போடுறவவோ?" இல்லை. "குடி, கஞ்சா ஏதும்?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு அப்படியே உள்ளே போய்விட்டது. பிறகு அக்கா என் பக்கம் சாய்ந்து, மிச்சமெல்லாம் சும்மா, இதுதான் விஷயம் என்பது போலச் சொன்னார்: "மிஸ், அந்தப் பிள்ளைக்கு இடியப்பத்துக்குத் தேங்காப்பால் சொதி எண்டா என்னெண்டே தெரியாது. ஒரு தாய் தகுதியில்லை எண்டதுக்கு இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

சட்டம் கேட்கிற கேள்வி

சட்டத்தில் சொதி இல்லை. இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. பிள்ளையின் உயிருக்கு ஆபத்தா, உடம்புக்கு ஆபத்தா, ஒழுக்கத்துக்கு ஆபத்தா, இவ்வளவுதான் கேள்வி. அடிக்கிறார்களா, பட்டினி போடுகிறார்களா, கைவிட்டுவிட்டுப் போனார்களா, போதையில் கிடக்கிறார்களா, பிள்ளைக்குச் செய்யக்கூடாததைச் செய்கிறார்களா, செய்கிறவனை வீட்டுக்குள் விடுகிறார்களா. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைக்கு எது நல்லது. ஏழ்மை அதில் இல்லை. ஒற்றை அறை அதில் இல்லை. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது: எங்கள் சட்டத்தில் பழைய காலத்திலிருந்து தகப்பன் பக்கம் ஒரு சாய்வு உண்டு. பணமுள்ள தகப்பனும் நல்ல சட்டத்தரணியும் சேர்ந்தால், தாய் பயப்படுவது நியாயம்தான்.

ஆனால் சனங்கள் கொண்டுவருகிற காரணங்களைக் கேட்டால் நீங்கள் தலையில் கைவைப்பீர்கள். மருமகள் வெள்ளிக்கிழமை மீன் வாங்கினாள், பிள்ளையை எடுத்துத் தாருங்கள் என்று ஒரு மாமியார். பிள்ளைக்குக் கதிர்காமத்தில் மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்திருக்க, தகப்பன் சலூனில் மொட்டை அடித்துவிட்டான் என்று ஒரு தாய். பிள்ளையை ஆங்கில மூலத்தில் சேர்த்தாள் என்று ஒருவர். சேர்க்கவில்லை என்று அதே கிழமையில் இன்னொருவர். புவனேஸ்வரியின் சொதியை அலுவலகத்தில் சொன்னபோது, தட்டெழுத்தில் இருக்கிற நஸீரா கையை எடுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தா. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னா: "அப்பிடிப் பாத்தா மிஸ், மொதல்ல எங்கட உம்மாவத்தான் கூண்டுல ஏத்தணும். எனக்குக் கலியாணம் முடியுற வரைக்கும் தேத்தண்ணி போடக்கூடத் தெரியாது."

பியானோ இருந்த வீடு

சிரிக்கிற கதை மட்டும் சொன்னால் இந்த வேலை விளையாட்டென்று நினைத்துவிடுவீர்கள். அதனால் இதையும் சொல்கிறேன். தெஹிவளைப் பக்கம் ஒரு வீடு. பியானோ, மீன் தொட்டி, சுவர் நிறையப் புத்தகம். தகப்பன் ஆங்கிலத்தில் அழகாகக் கதைப்பவர். கதைத்துக்கொண்டே ஃபானின் வேகத்தைக் கூட்டுவதற்குக் கையைத் தூக்கினார். பக்கத்தில் நின்ற மகன் சட்டென்று இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தான். தகப்பன் தொடர்ந்து பியானோவைப் பற்றிக் கதைத்தார்.

சட்டம் ஏற்கிற காரணம் அதுதான். அதற்குப் பிறகு வைத்தியரும் பார்த்தார், பள்ளிக்கூடத்திலும் கேட்டோம், பழைய காயங்கள் எல்லாம் வெளியே வந்தன. அந்தத் தகப்பன் தகுதியில்லை என்று எழுத நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தாய் உயிரோடில்லை. பிள்ளையை அவளுடைய சகோதரி வீட்டில் விட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து அங்கே பார்க்கப் போனபோது அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெரிய இரகசியம் போலச் சொன்னான்: "மிஸ், இந்த வீட்டில ஆரும் கதவை அடிச்சுச் சாத்துறேல்லை."

நிற்க இடமில்லாத வசதி

இனிச் செல்வராணி வீடு. கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்றால் மரம் செடி என்று நினைக்காதீர்கள். முதுகோடு முதுகு ஒட்டின வீடுகள், நடுவில் ஒரு ஆள் குடை விரித்தால் மற்றவர் ஒதுங்கி நிற்கவேண்டிய முடுக்கு. முதல் தடவை போவதற்கு நாங்கள் நாள் குறித்து அறிவிப்போம். அதனால் எல்லாரும் ஆயத்தமாக இருப்பார்கள். ராணியின் ஆயத்தம் எப்படி என்றால், எனக்கு உள்ளே போக வழியில்லை. அறை முழுக்க ஒரு மேசை. தேக்கு. பித்தளைப் பிடி வைத்த இழுப்பறைகள். அந்தக் காலத்துக் கம்பனித் துரை இருந்து எழுதியிருக்கக்கூடிய மேசை. அதற்குப் பக்கத்தில் வயர் சொருகாத ஒரு ஃபிரிட்ஜ். சுவரில் இரண்டு மணிக்கூடு, இரண்டும் வேறு வேறு நேரம். அலுமாரிக்கு மேல் ஒரு கேடயம். கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தேன். குத்துச்சண்டையில் முதலாமிடம் என்று இருந்தது.

"இது ஆருடையது?" என்று கேட்டேன். ராணி மெலிந்த பெண், முகம் வெளிறிப்போய் நின்றாள். "பிள்ளையோடதுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு, சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். எட்டு வயதுக் கவி அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? அந்த ராட்சத மேசைக்குக் கீழே, சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்துக்கிடந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. பக்கத்தில் சோறும் பருப்பும் சாப்பிட்ட கோப்பை. தலை வாரிப் பின்னி, காதில் சின்னத் தோடு. கேட்ட கேள்விக்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னாள். ஏன் பிள்ளை, மேசை இருக்க நிலத்தில கிடந்து எழுதுறீர் என்று கேட்டேன். மேசைக்குக் கீழேயிருந்து தலையை நீட்டிச் சொன்னாள்: "அதுல வெச்சு எழுதக் கூடாது மிஸ். கீறல் விழுந்தா ஃபிலோ ஆன்ட்டி கத்துவாங்க."

முன்னால் போன மேசை

அறிக்கையின் முதல் பாகத்தில் மேசை அயலில் இருக்கிற ஃபிலோவிடம் வாங்கின இரவல் என்று எழுதினேன். பிள்ளை சுத்தம், சத்து, சந்தோஷம் என்றும் எழுதினேன். இரண்டாவது தடவை நாங்கள் சொல்லாமல் போவோம். எங்கள் வேலையின் உயிரே அந்தச் சொல்லாமல் போவதில்தான் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் பஸ்ஸால் இறங்கி, வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டு நடந்தேன். சந்தியில் யாரோ என்னைக் கண்டு ஃபோன் போட்டிருக்கிறார்கள். முடுக்குக்குள் நான் நுழைகிறேன், எனக்கு முன்னால் அந்தத் தேக்கு மேசை, கால் நான்கும் ஆகாயத்தைப் பார்க்க, நான்கு பேரின் தலையில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது! முந்திப் போகவும் இடமில்லை. மேசைக்குக் கீழே இருப்பவர்களுக்குத் திரும்பிப் பார்க்கவும் வழியில்லை. "வெரசாப் போங்க, மிஸ் வந்திட்டாவாம்" என்று ஒருவர் கத்துகிறார். மிஸ் பின்னால் நடந்துகொண்டிருக்கிறேன். குழாயடியில் நின்ற பெண்கள் மேசையைப் பார்த்து, என்னைப் பார்த்து, வாயைத் திறந்தார்கள். நான் உதட்டில் விரலை வைத்தேன். பொய் சொல்லக்கூடாது, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு வீட்டுக்கும் நடந்து போனதில்லை.

ராணியின் வாசலில் மேசை இறுகிக்கொண்டது. முன்னுக்கும் வராது, பின்னுக்கும் வராது. பார்த்துக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை இல்லை. குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, ஒரு காலைப் பிடித்து, "இடப்பக்கம் கொஞ்சம் சரியுங்கோ" என்றேன். சரித்தார்கள். உள்ளே போய்விட்டது. "ஸ்துதி அக்கா" என்று சிங்களத்தில் நன்றி சொல்லிக்கொண்டு திரும்பிய நியாஸ் நானா, துறைமுகத்தில் பாரம் தூக்குகிற ஆள், பேயறைந்தது போல நின்றார். பிறகு எப்படியும் மாட்டியாகிவிட்டது என்று நினைத்தோ என்னவோ, கழுத்தைத் தடவிக்கொண்டே, "மிஸ், அடுத்த தடவ ஒரு ஃபோன் போட்டிட்டு வாங்க, இது தேக்கு" என்றார்.

நான் சிரிக்கத் தொடங்கினேன். அதற்குள் நான்காவது ஆள் மேசைக்குக் கீழேயிருந்து நிமிர்ந்து, முகத்து வேர்வையைத் துடைத்தார். சுதாகரன்! வழக்குப் போட்ட அதே சுதாகரன். இந்த வீட்டில் வசதியில்லை என்று நீதிமன்றத்துக்குச் சொன்ன மனுஷன், அதே வீட்டுக்கு வசதியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். கவி ஓடிவந்து "அப்பா" என்று அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறாராம். தனக்கு ஏழரைச் சனி, கோயிலில் எள்ளெண்ணெய் எரிக்கப் போகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, பஸ் ஏறி இங்கே வந்து பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாராம். இன்றைக்கு முடுக்கு வாசலில் நியாஸ் நானா "தம்பி, ஒரு கை பிடிங்க" என்று சொல்ல, பிடித்துவிட்டார். யாருக்காக எதைத் தூக்குகிறோம் என்று அவருக்கு நடுவழியில்தான் விளங்கியிருக்கிறது. நீதிமன்றம் கேட்டால் மறைக்கமாட்டேன் என்று நான் சொன்னேன். அவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார்: "கோர்ட்டில எண்டால் பரவாயில்லை மிஸ். அக்காவிட்ட மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

ராணியின் பயம்

சரி, சிரித்து முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. முடுக்கு வாயிலில் இருக்கிற, புவனேஸ்வரிக்குத் தெரிந்த ஒருவர் இதையெல்லாம் பின்னாலிருந்து ஃபோனில் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டார். புவனேஸ்வரி பக்கத்துச் சட்டத்தரணி அதை வைத்துப் புதிதாக ஒரு காரணம் எழுதினார்: இந்தத் தாய் நீதிமன்றத்தை ஏமாற்றுகிறவள், பொய் சொல்லப் பிள்ளைக்குப் பழக்குகிறவள், ஆகவே பிள்ளையின் ஒழுக்கத்துக்கு ஆபத்து. சொதியை நான் தள்ளிவிட்டேன். இதைத் தள்ளிவிட முடியாது. சட்டத்தில் இருக்கிற சொல்லையே பிடித்துவிட்டார்கள்.

கடையில் அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு ராணி என் அலுவலகத்துக்கு ஓடிவந்தாள். கதிரையில் இருக்கமாட்டேன் என்று நின்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "உனக்கு ஆர் சொன்னது மேசை வேணுமெண்டு? குத்துச்சண்டைக் கேடயம் வேணுமெண்டு சட்டத்தில எந்தப் பக்கத்தில இருக்கு?" என்று ஏசினேன். ஏசிக்கொண்டே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். கோர்ட்டில் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல், ஒரு சொல்லும் கூட்டாதே, குறைக்காதே என்றேன். அவளுக்கு அது காதில் ஏறியதோ தெரியாது. கண்ணைத் துடைக்காமலே கேட்டாள்: "அவங்க வீட்டுல எல்லாம் இருக்குதுங்க. எங்கிட்ட இந்தப் பிள்ள மட்டுந்தான் இருக்கு. நான் செஞ்ச கிறுக்குத்தனத்துக்கு அவளக் கொண்டுபோயிருவாங்களா மிஸ்?"

கூண்டில் நான்

விசாரணையன்று புதுக்கடை நீதிமன்றத்தில் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். சட்டத்தரணி படத்தை நீட்டினார். முடுக்கு, தலைகீழ் மேசை, அதற்குக் கீழே நான்கு முதுகு, எல்லாவற்றுக்கும் பின்னால் குடை பிடித்த ஒரு பெண். "குடையோடு போவது யார்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். மண்டபத்தில் ஒரு சலசலப்பு. மேசை எதிராளியுடையதா? இல்லை. ஃபிரிட்ஜ்? பக்கத்து வீடு. மணிக்கூடு? ஒன்று பக்கத்து வீடு, மற்றது எதிர்வீடு. இந்த ஏமாற்றுக்கு நீங்களும் கூட்டா? "என் அறிக்கையில் இரவல் என்று எழுதித்தான் கொடுத்திருக்கிறேன். வீடு பார்க்க ஆள் வருகிறது என்றால் எல்லாரும்தான் வீட்டைச் சோடிக்கிறார்கள். மனுதாரர் வீட்டுத் திரைச்சீலையில் கடைச் சீட்டுக்கூட இன்னும் கழற்றவில்லை" என்றேன். புவனேஸ்வரி முகம் சிவந்தது. நீதிபதி என்னைப் பார்த்து, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்படி சொன்னார். அது நியாயம்தான், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

சட்டத்தரணிக்குச் சூடு ஏறிவிட்டது. "நீதிமன்றத்தை ஏமாற்ற உதவி செய்த இந்த நான்கு பேரும் யார்? பெயர்களைச் சொல்லுங்கள்" என்றார். கேளாதே ஐயா என்று மனதுக்குள் கெஞ்சினேன். அறிக்கையில் அந்த விபரம் இருக்கவில்லை. பிள்ளையைத் தகப்பன் சனிக்கிழமைகளில் வந்து பார்க்கிறார், கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அவர் வாசிக்கவே இல்லை போலும். தளபாடம் தூக்கினவர் யார் என்று எழுத எங்கள் அறிக்கையில் இடமும் கிடையாது. சத்தியம் செய்து ஏறியிருக்கிறேன். நியாஸ் என்றேன். அயல்வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரின் பெயரைச் சொன்னேன். சுதாகரன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான்காவது ஆள் மனுதாரர், கனம் நீதிபதி அவர்களே" என்றேன். "என்னது? சனிக்கிழமையா? அவன் கோயிலுக்கெல்லோ போறவன்!" என்று புவனேஸ்வரி இருந்த இடத்திலிருந்து எழும்பிவிட்டார். பொலிஸ்காரர் இருத்தினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, படத்தைப் பார்த்து, சுதாகரனைப் பார்த்து, சிங்களத்தில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்: "அப்படியென்றால் மனுதாரர் யாருக்கு எதிராக இந்த வழக்கைப் போட்டிருக்கிறார்?"

வாய் திறந்த மனுஷன்

சுதாகரனைக் கூப்பிட்டார்கள். எழும்பி வந்தார். தண்ணீர் கேட்டார். தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு சொன்னார். அக்கா நீட்டுகிற கடதாசியில் கையெழுத்து வைப்பது சின்ன வயதிலிருந்து தனக்குப் பழக்கம் என்றார். அக்கா இல்லாவிட்டால் தான் இல்லை, அதனால் வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை என்றார். ராணி ஒருநாளும் பிள்ளையில் கைவைத்ததில்லை, தான் சாப்பிடாமல் இருந்தாலும் பிள்ளைக்குக் கொடுக்காமல் இருந்ததில்லை, அயலில் இருக்கிறவர்கள் தன் பிள்ளையைத் தங்கள் பிள்ளையைப் போலப் பார்க்கிறார்கள் என்றார். "அவவில ஒரு பிழையும் இல்லை. நான்தான் வாய் திறக்கேல்லை." இதைச் சொல்லும்போது அக்காவின் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அழுதுகொண்டுதான் சொன்னார்.

நீதிபதி ராணியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், ஏன் இரவல் வாங்கினாய் என்று. அவள் நான் சொன்னபடியே கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "பயந்துட்டேங்க. இல்லாதவன்னு எழுதிருவாங்கன்னு நெனச்சேன். கேட்டேன், எல்லாரும் குடுத்தாங்க." அவ்வளவுதான். பிள்ளை தாயோடு இருக்கட்டும், சனி ஞாயிறில் தகப்பன் ஒளிக்காமல் வந்து பார்க்கட்டும் என்று கட்டளை வந்தது. கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற நான் கையிலிருந்த ஃபைலை மூடினேன். இத்தனை வருஷம் சுமந்த ஃபைல், ஏறின படி, வாங்கின ஏச்சு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு நாள் போதும். கடைசியில் நீதிபதி ராணியைப் பார்த்து, கொஞ்சம் கடுமையாக, ஆனால் முகத்தில் வேறு ஏதோ இருக்க, சொன்னார்: "கேட்டதும் தருவதற்கு இவ்வளவு பேர் இருக்கும்போது, உன்னை இல்லாதவள் என்று உனக்கு யார் சொன்னது?"

புதுக்கடைப் படியில்

வெளியே படியில் புவனேஸ்வரி தனியாக நின்றார். தம்பி உள்ளே கையெழுத்து வைக்க நின்றுகொண்டிருந்தார், இந்தமுறை வாசித்துப் பார்த்து. எனக்கு அந்த மனுஷியில் கோபம் இருந்தது. பக்கத்தில் போனதும் அது கரைந்துவிட்டது. வெயிலில் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். "அந்த அறைய நான் ஒவ்வொரு நாளும் கூட்டித் துடைச்சனான் மிஸ்" என்று என்னிடம் சொன்னார். பிள்ளைக்கு ஆசைப்படுவது சட்டத்தில் ஒரு குற்றமும் இல்லை. தாயிடமிருந்து எடுத்துத்தான் ஆசைப்படுவேன் என்பதுதான் பிழை. அதையும் சொன்னேன், கொஞ்சம் மெதுவாக.

அப்போது ராணி படியிறங்கி வந்தாள். ஒதுங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். நேரே புவனேஸ்வரிக்கு முன்னால் வந்து நின்றாள். கைவிரல்கள் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தன, ஆனால் குரல் நடுங்கவில்லை. "அண்ணி, ஞாயித்துக்கெழம பிள்ளைக்குப் பொறந்தநாளுங்க. அவரு வருவாரு. நீங்களும் வாங்க" என்றாள். வெற்றி பெற்ற பெண் ஏன் இப்படிக் கூப்பிடவேண்டும்? அவளைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, ஏதோ நானே பெற்று வளர்த்தது போல. புவனேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். "நானோ? அந்த முடுக்குக்குள்ளயோ? நான் ஏன் அங்க வாறன்?" என்றார். ராணி தலையாட்டிவிட்டு இரண்டு படி இறங்கினாள். பின்னாலிருந்து, கோபம் கொஞ்சமும் குறையாத அதே குரலில், அக்கா கேட்டார்: "எத்தினை மணிக்கு?"

மற்ற உத்தியோகத்தில் வெறுங்கையோடு திரும்பினால் வெட்கம், எங்கள் உத்தியோகத்தில்தான் பிள்ளையை அதன் தாயிடமே விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிற நாளில் காலி வீதி பஸ்ஸில் இடமில்லாவிட்டாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றபடியே வீட்டுக்குப் போகலாம்.